தசமப் புள்ளி இல்லாத எக்ஸ்55: லேத் நிரலில் எழுத்தும் எண்ணும்

கேள்வி:
ஐயா, வணக்கம். சிஎன்சி லேத்தில் (கணினி நிரலால் ஓடும் கடைசல் எந்திரத்தில்) நிரல் எழுதப் பழகி ஆறு மாதம் ஆகிறது. 52 மி.மீ. கம்பியை ஃபேசிங் செய்ய (முகத்தைச் சமமாகச் சீவ), டூலை வேகமாக நகர்த்தும் 'ஜி00 எக்ஸ்55 இசட்2' என்ற வரியை எழுதிய நிரல் பட்டறையின் ஒரு எந்திரத்தில் சரியாக ஓடிவந்தது. அதையே பக்கத்து எந்திரத்தில் ஏற்றி, சிங்கிள் பிளாக்கில் (ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும்), ரேபிட் (வெட்டாத நகர்வு) வேகத்தை 25 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டியபோது, டூல் 55 மி.மீ. விட்டத்தில் நிற்காமல் மையத்தை நோக்கிப் போனது. திரையில் மீதித் தூரத்தைக் கண்டு உடனே ரீசெட் அழுத்தியதால் விபத்து இல்லை. இரண்டிலும் இருப்பவை ஃபானுக் நிறுவனத்தின் கட்டுப்பாடுகள்தாம் (நிரலைப் படித்து எந்திரத்தை இயக்கும் கணினிகள்). எதனால் இப்படி?

பதில் 1:
தம்பி, மீதித் தூரத்தைப் பார்த்தபடி ஓட்டியதுதான் உங்களைக் காப்பாற்றியது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு எழுத்தும் அதை ஒட்டிய எண்ணும் சேர்ந்ததே நிரலில் ஒரு சொல்; எழுத்துக்கு அட்ரஸ் என்று பெயர். மெட்ரிக் முறையில், எக்ஸ், இசட் போன்ற நீள அட்ரஸ்களில் புள்ளி இல்லாத எண்ணைக் கட்டுப்பாடு வழக்கமாக 0.001 மி.மீ. அலகில் எண்ணுகிறது. ஆகவே எக்ஸ்55 என்பது 0.055 மி.மீ. விட்டமாகவும், இசட்2 என்பது முகத்திலிருந்து 0.002 மி.மீ. தூரமாகவும் ஆகிவிட்டன. முதல் எந்திரத்தில், கட்டுப்பாட்டின் உள்ளமைப்பு மதிப்பான பாராமீட்டர் 3401-இன் பூஜ்யமாவது பிட் 1 ஆக இருந்திருக்கும். அப்போது கால்குலேட்டரில் போல 55 என்பது 55 மி.மீ. ஆகவே எடுத்துக்கொள்ளப்படும்.

அதற்காக அந்தப் பிட்டை மாற்றிவிடாதீர்கள். 50 மி.மீ. என்பதற்கு எக்ஸ்50000 என்று எழுதிய பழைய நிரல் ஏதேனும் நினைவகத்தில் இருந்தால், அது 50 மீட்டர் ஆகிவிடும். எக்ஸ்55.0 இசட்2.0 என்று எழுதினால் இரண்டு எந்திரமும் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

பதில் 2:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் எல்லாச் சொல்லிலும் புள்ளி வைக்கப் போனால் வேறு சிக்கல் வரும். டி0303 என்பதில் முதல் இரண்டு இலக்கம் டூல் எண், பின்னிரண்டு ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) எண். அங்கே புள்ளிக்கு இடமே இல்லை. எம்20×2 மரைக்கு, மரை வெட்டும் கட்டளையான ஜி76-இன் இரண்டாம் வரியை 'எக்ஸ்17.548 இசட்-30.0 பி1226 க்யூ300 எஃப்2.0' என எழுதும்போது, ஒரு பக்க மரை உயரமான 1.226 மி.மீ., மைக்ரானில் (0.001 மி.மீ. அலகில்) பி1226 எனப் புள்ளியின்றியே தரப்படுகிறது.

நான் பழகிய காலத்தில் என்னை மிகவும் குழப்பியது, பல அடுக்காகக் கரடாக வெட்டும் கட்டளையான ஜி71-இன் யு. இரண்டு வரி வடிவத்தில், முதல் வரியின் யு2.0 என்பது ஒரு பக்கத்து வெட்டு ஆழம். இரண்டாம் வரியின் யு0.5 என்பதோ விட்டத்தில் விடும் ஃபினிஷிங் மிச்சம், அதாவது ஒரு பக்கத்துக்கு 0.25 மட்டுமே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. டூலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க ஜி04 பி1.5 என்று எழுதியபோது 007 அலாரம் வந்ததும் இதனால்தானா?

பதில் 2:
ஆம், புள்ளி வரக்கூடாத அட்ரஸில் புள்ளி வந்ததைத்தான் அந்த அலாரம் சொல்கிறது. பி மில்லி வினாடியில் எண்ணப்படுவதால் ஜி04 பி1500 என்று எழுதுங்கள். வினாடியாகவே எழுத விரும்பினால் ஜி04 எக்ஸ்1.5 என்றும் எழுதலாம்.