அம்மாவின் அரக்குச் சேலையிலிருந்து ஆரம்பித்தோம்

போன தை மாதம் அப்பாவுக்கு 60 நிறைந்தது. காலையில் திருக்கடையூரில் சஷ்டியப்த பூர்த்தி. மறுநாள் சாயங்காலம் மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில் குடும்பப் படம். மொத்தம் 11 பேர். என்ன உடுத்துவது என்று நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

எல்லோருக்கும் ராணி பிங்க் என்று தங்கை ஒரே பிடியாக நின்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2016-இல் அவள் கல்யாணத்துக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில்தான் எடுத்தோம். அந்தப் படத்தைப் பார்த்தால் ஒரே துணியை விரித்துப் போட்ட மாதிரி இருக்கும். அதில் அம்மாவைத் தேட வேண்டும். போதாததற்கு, வெயில் பட்டு அந்த நிறம் எல்லோர் தாடையிலும் ஏறியிருந்தது.

போட்டோகிராபரிடம் கேட்டேன். "அக்கா, வீட்டுப் பெரியவங்க என்ன கட்டிக்கப் போறாங்கன்னு முதல்ல கேளுங்க. மத்தவங்க அதுக்கு ஒத்துப் போங்க" என்றார்.

அம்மா யோசிக்கவே இல்லை. பீரோவிலிருந்து அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டை எடுத்தார். கடுகு மஞ்சள் கரை. நான் பிறந்த வருஷம் அப்பா வாங்கித் தந்தது. மடிப்பில் ஜரிகை லேசாகக் கறுத்திருந்த இடத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். ரவிக்கைதான் கையில் ஏறவில்லை. தையல்காரர் அந்தக் காலத்தில் உள்ளே விட்டிருந்த தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கடைசித் தையலையும் பிரித்த பிறகு சரியாக உட்கார்ந்தது.

அப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. அரக்கோடு சேர்கிற சந்தனம், கடுகு, பாசிப்பச்சை, கருநீலம் இவற்றுக்குள் அவரவர் பீரோவில் இருப்பதையே எடுத்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் கட்டில் மேல் பரப்பி, போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தோம். இதை எல்லோரும் செய்து பாருங்கள். நிறம் வேறாக இருந்தும் தங்கையின் அடர் பாசிப்பச்சையும் என் கருநீலமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. நான் கடுகு நிறத்துக்கு மாறிக்கொண்டேன்.

தம்பியின் பொடிக்கட்டச் சட்டை போன் திரையில் அலை அலையாக நெளிந்தது. அதை மாற்றிவிட்டோம். கண்டாங்கிச் சேலை மாதிரி அகலக் கட்டமாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்பாவுக்குப் பளீர் வெள்ளை வேண்டாம், வெயிலில் மடிப்பே தெரியாது என்று சந்தன நிறப் பட்டு வேட்டி. அவர் சட்டைப் பையில் போன், கண்ணாடிக் கூடு, 500 ரூபாய் நோட்டு எல்லாம் நிழலாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் வாங்கி வைத்த பிறகுதான் நிற்க வைத்தோம். என் மகளுக்கு 3 வயது. பட்டுப் பாவாடைச் சட்டையின் ஜரிகை கழுத்தில் குத்துகிறது என்று அழுதாள். உள்ளே பழைய பருத்திச் சட்டையைப் போட்டுவிட்டதும் சரியாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது பெரியம்மாவைப் பற்றித்தான். பெரியப்பா போனதிலிருந்து அவர் அடர் நிறமே கட்டுவதில்லை. 2016 படத்தில் அவர் இல்லை. "நீங்கள்லாம் கலரா நிக்கிறப்ப நான் எதுக்குடி" என்று சமையலறைக்குள் போய்விட்டார். அன்று யாரும் வற்புறுத்தவில்லை. அது இன்று வரை எனக்கு உறுத்துகிறது.

இந்த முறை அவருடைய சந்தன நிறப் பருத்திச் சேலையையும் அதே கட்டிலில், அம்மாவின் அரக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரியம்மா வந்து பார்த்தார். "இது என்னுதுல்ல?" என்றார். "ஆமா பெரியம்மா, அப்பா வேட்டியும் இதே நிறந்தான்" என்றேன். ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போய், இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கித் தானே தேய்த்தார்.

5 மணிச் சாய்வெயிலில் எடுத்தோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் தோளில் கை வைத்தபடி பின்னால் பெரியம்மா நிற்கிறார். அம்மாவின் கை அந்தக் கையைப் பிடித்திருக்கிறது. அப்படிப் பிடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.