மறுமொழி: டிக்கிக்கு இன்னொரு வழி – என்ன சொல்லால் குறிப்பது?

வணக்கம் நண்பர்களே,

பழைய காரில் டிக்கி மூடி திறக்காமல் மக்கர் செய்தால் திறப்பதற்கென்று தனியாக மாட்டிவைக்கும் ஏற்பாட்டுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று இந்த இழை தொடங்கியது. வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன், என் கருத்தைச் சொல்கிறேன்.

> காப்பு நகல் என்று சொல்கிறோமே, அதேபோலக் காப்புக் கம்பி என்று வைத்துவிட்டால் என்ன?

கணினியில் பேக்கப் என்ற பொருளில் சரி, காரில் சரிவராது. மின்வேலை செய்கிறவருக்குக் காப்பு என்றால் இன்சுலேஷன். பராமரிப்புக் குறிப்பில் “காப்புக் கம்பி” என்று எழுதினால், பிளாஸ்டிக் உறை போட்ட வயர் என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் பேசுகிற பொருளோ பெரும்பாலும் உறைக்குள் ஓடுகிற ஒரு கம்பி, அதனால் குழப்பம் வந்தே தீரும்.

> மாற்றுத் திறப்பு?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈழத்தமிழில் திறப்பு என்றால் சாவி. இந்தக் குழுவில் பாதிப் பேருக்கு “மாற்றுத் திறப்பு” என்பது இன்னொரு சாவியாகத்தான் படும், நமக்கு வேண்டியதோ சாவியால் ஒன்றும் ஆகாத நேரத்தில் கைகொடுக்கிற ஒன்று. “விடுப்பு” என்று ஒருவர் சொன்னார், அது ஒரு பக்கம் அலுவலக லீவு, இன்னொரு பக்கம் ஊர்வம்பு. “பின்பெட்டி” என்று தொடங்கும் எதுவும் வேண்டாம் என்பதும் என் கட்சி, ஏனென்றால் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் எஞ்சின் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னால். டிக்கி என்ற சொல்லே அந்தக் காலத்தில் காரின் பின்பக்கம் மடக்கி விரிக்கும் இருக்கைக்கு இருந்த பெயர், இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது, அதை விட்டுவிடலாம்.

சொல்லைத் தேடுமுன் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அந்தப் பீட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்குமிடத்திலிருந்து இழுக்க ஒற்றைக் கம்பி, மூடியைப் பிடித்திருக்கும் கொண்டிவரை அது ஒன்றுதான். 1967 வரையிலான மாடல்களில் பெட்ரோல் ஊற்றும் வாயும் அதே மூடிக்கு அடியில். கம்பி அறுந்தால் ஸ்டெப்னியையும் எடுக்க முடியாது, பெட்ரோலும் போட முடியாது. அதுவும் சட்டென்று அறுவதில்லை, கவ்வி இறுக்கியிருக்கும் முனையில் ஒவ்வோர் இழையாக விட்டுக்கொண்டே வரும், இழுக்கும்போது கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துத் தெரியும், அப்புறம் ஒருநாள் குமிழ் மட்டும் கையோடு வந்துவிடும். இதனால்தான் பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்களில் பலர் கொண்டியிலிருந்து இன்னொரு கம்பி எடுத்து, தெரிந்தவர் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் மறைத்து வைக்கிறார்கள்.

மின்சார வகை இன்னும் மோசம். பழைய மினி காரில் பேட்டரி டிக்கிக்குள்ளேயே தரையில் இருக்கிறது. அழகுக்காகக் கைப்பிடியையும் சாவித் துளையையும் எடுத்து அடைத்துவிட்டு மின்சாரத்தால் கொண்டியை இழுக்கும் சோலினாய்டை மட்டும் நம்பினால், பேட்டரி டவுன் ஆகும் அன்று மூடியைத் திறக்கப் பேட்டரி வேண்டும், பேட்டரியை எடுக்க மூடி திறக்க வேண்டும். அங்கே இன்னொரு கம்பி போடலாம், அல்லது வெளியிலிருந்து வேறொரு பேட்டரியின் மின்சாரத்தைக் கொடுக்க ஒரு முனையை எடுத்துவைக்கலாம். ஆகவே சொல்லில் “கம்பி” இருந்தால் இரண்டாவது வழி அடிபட்டுப் போகும்.

என் பரிந்துரை: பொதுப்பெயர் துணை விடுவிப்பான். வடிப்பான் போல அமைந்த சொல், விடுபடுவது கொண்டி என்பது உடனே புரியும், மூடியை அப்புறம் கையால்தான் தூக்குகிறோம். “துணைக்கொண்டி விடுவிப்பான்” என்று நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பக்க மூடிகளில் பாதுகாப்புக்கென்று இரண்டாவது கொண்டி ஒன்று உண்மையிலேயே உண்டு, ஓடும்போது மூடி எகிறாமல் பிடிக்க. அதற்குத்தான் துணைக்கொண்டி என்ற பெயர் பொருந்தும். கம்பி வகையை மட்டும் சொல்லும்போது துணை இழுவடம், அதாவது இழுத்துத் திறக்கும் வடம்.

> உள்ளிருந்து திறக்கும் கைப்பிடிக்கும் இதே சொல் போதாதா?

போதாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டிக்கிக்குள் மாட்டிக்கொண்ட ஆள், பெரும்பாலும் குழந்தை, தானே வெளியே வருவதற்கான கைப்பிடி அது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் தயாரான டிக்கி வைத்த கார்களில் அது கட்டாயம், அதனால்தான் இருட்டில் ஒளிரும் கைப்பிடி வருகிறது. பழைய கார்களுக்கு அந்த விதி இல்லை என்பதால் நாமே போட்டால்தான் உண்டு. வெளியிலிருந்து திறக்க ஒன்று மாட்டிவிட்டு “துணை விடுவிப்பான் இருக்கிறது” என்று ஒருவர் நிம்மதியாக இருந்துவிட்டால், உள்ளே இருப்பவருக்கு அது எந்த உதவியும் செய்யாது. அதற்கு உள் விடுவிப்பான் என்று தனிப்பெயர் வேண்டும். மூடியைக் கழற்றி வேலை செய்கிறவர் இரண்டையும் ஒருசேரப் போட்டுவிடுவது நல்லது.

சொற்கள் வாக்கியத்தில் உட்காருகின்றனவா என்று பார்க்க எழுதிப் பார்த்தேன்:

“துணை இழுவடத்தைப் பழைய இழுவடத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள், பழையது சிக்கினால் இதுவும் சிக்கும். நேராகக் கொண்டியின் நெம்பில் (லீவரில்) மாட்டுங்கள். உறையின் முனையைத் தகட்டில் இறுக்கிப் பிடிக்கவையுங்கள், உறை நகர்ந்தால் உள்ளே இருக்கும் வடம் கொண்டியை இழுக்காது. வடத்தில் கொஞ்சம் தளர்வு விடுங்கள், விறைப்பாக இருந்தால் கொண்டி நாதாங்கியில் முழுதாக விழாது, ஓட்டத்தில் மூடி திறந்துகொள்ளும். மூடியை அடைக்குமுன் கொண்டியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பூட்டி, வடத்தை இழுத்து விடுகிறதா என்று பாருங்கள்.”

எனக்குத் தடங்கல் இல்லாமல் வாசிக்க வருகிறது. நாதாங்கியை மட்டும் தச்சுவேலையிலிருந்து எடுத்திருக்கிறேன். கதவில் கொண்டி போய் விழும் வளையத்துக்கு அந்தப் பெயர்தான், காரிலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் பக்கம் அதற்கு வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றுமுன் சேர்த்துக்கொள்ளலாம்.