தொட்டித் தண்ணீர் 32 பாகையில் நிற்கிறது: பம்பை வெளியே எடுப்பதா?

உவர்மலை ஒராண்டா:
எல்லோருக்கும் வணக்கம். 3 அடித் தொட்டி, மேலே கண்ணாடி மூடி, தண்ணீர் ஏறத்தாழ 180 லீற்றர், உள்ளே தங்கமீன்கள். கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து பின்னேரம் 3 மணிக்குத் தண்ணீர் 32 பாகைக்கு ஏறிவிடுகிறது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. கீழே சம்ப் (தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும் கீழ்த்தொட்டி), அதற்குள் தண்ணீரைத் திரும்ப மேலே தள்ளும் 35 வாட் பம்ப், அதைவிடத் தொட்டிக்குள் ஓட்டம் உண்டாக்க 15 வாட் அலைமேக்கர். இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தால் சூடு. பம்பை வெளியே வைத்தால் குறையும் என்று கடைக்காரர் சொல்கிறார், விலை கூட. ஐஸ் போத்தல் போட்டுச் சமாளிக்கிறேன், அது ஏறி இறங்குவது இன்னும் மோசம். என்ன செய்யலாம்?

நிலாவெளி உப்புத்தண்ணி:
கடைக்காரர் சொன்னது சரி. தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டார் தன் சூட்டைத் தண்ணீரில்தான் இறக்கும், அதற்கு வேறு வழியே கிடையாது. வெளியே காற்றில் நின்றால் காற்றில் இறக்கும். என்னுடையது கடல்நீர்த் தொட்டி, பவளம் இருக்கிறது, ஒரு பாகை கூடினாலே நித்திரை வராது. மோட்டாரைத் தண்ணீருக்குள் வைக்கவே மாட்டேன். காசைப் பார்க்காமல் வாங்குங்கள் தம்பி.

கிண்ணியா கப்பி:
தம்பி, முதலில் வீட்டுக் கூரையைச் சொல்லுங்கள். ஷீட் கூரையா, ஓடா? கச்சான் வீசும்போது வெளியே 35 பாகை, அறைக்குள் 33. பிறகு தண்ணீர் 32 என்றால் அதில் பம்பின் குற்றம் என்ன? உள்ளதைச் சொன்னால் உங்கள் தொட்டி அறையைவிடக் குளிர்ச்சியாகத்தானே நிற்கிறது! ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாள் வைத்து, பின்னேரம் இரண்டையும் அளந்து பாருங்கள். வாளியும் 32 என்றால் பம்புக்குக் காசு கொட்டுவது வீண். காற்றாடி ஒன்று வைத்தால் போதும்.

பழைய வயர்மன்:
கப்பி நானா சொன்ன வாளிச் சோதனை நல்லது, ஆனால் அப்படியே செய்தால் பிழையான விடை வரும். திறந்த வாளி ஆவியாகிக் குளிரும், தொட்டிக்கோ கண்ணாடி மூடி இருக்கிறது. அப்போது வித்தியாசம் முழுவதையும் பம்பின் தலையில் கட்டிவிடுவோம். வாளியையும் மூடி வையுங்கள்.

பம்புக்கு வருவோம். 50 வாட் என்றால் மணிக்கு 180 கிலோஜூல். 180 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 756 கிலோஜூல் வேண்டும். ஆக, சூடு வெளியேறவே இல்லை என்று வைத்துக்கொண்டால் மணிக்குக் கால் பாகை, ஒரு நாளில் 5 முதல் 6 பாகை ஏறும். நிஜத்தில் கண்ணாடி வழியாகவும் ஆவியாகவும் போய்விடுவதால் அவ்வளவு ஏறாது, ஆனால் போகும் வழியை மூடிவைத்திருக்கிறோமே, அதுதான் விஷயம். இந்த 50 வாட்டை ஆவியாக மட்டும் விரட்ட வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 1¾ லீற்றர் தண்ணீர் வற்ற வேண்டும். மூடிய தொட்டியில் எங்கே வற்றும்?

நிலாவெளி உப்புத்தண்ணி:
அப்படியென்றால் நான் சொன்னதுதானே அண்ணை? மோட்டாரை வெளியே எடு!

பழைய வயர்மன்:
பாதி சரி. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உடம்புப் பம்புகளில் பெரும்பாலானவற்றை வெளியே பூட்டினாலும், காந்தச் சுழலி தண்ணீருக்குள்தான் சுற்றும். மோட்டாரைக் குளிர்விப்பதும் கொஞ்சம் அந்தத் தண்ணீர்தான். பின்பக்கம் தனி விசிறி வைத்து, தண்ணீருக்கும் மோட்டாருக்கும் தொடர்பில்லாமல் செய்தவற்றில்தான் பெரிய வித்தியாசம் தெரியும், அவை இரைச்சல். அதோடு, தண்ணீரைத் தள்ளச் செலவான சக்தி பம்ப் எங்கே நின்றாலும் குழாயிலும் தொட்டியிலும் உராய்ந்து சூடாகத்தான் முடியும். அது தப்பாது.

நிலாவெளி உப்புத்தண்ணி:
அந்தத் தள்ளுகிற சக்தி எவ்வளவு, அதையும் சொல்லுங்கள் பார்ப்போம். மணிக்கு 1500 லீற்றர், உயரம் 1.2 மீற்றர் என்றால் 5 வாட் கூட வராது. 35 வாட்டில் 5 போனால் மிச்சம் 30. அதில் பெரும்பகுதியை அறைக்குள் விட்டால் எனக்கு லாபம்தானே.

பழைய வயர்மன்:
கணக்குச் சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த 30 வாட் ஏன் வீணாகிறது என்று கேளுங்கள். சின்ன ஏசி பம்பின் திறமை அவ்வளவுதான். அதே வேலையை 15 வாட் அளவிலுள்ள நல்ல டிசி பம்ப் செய்யும், அதன் அடாப்டர் சூடும் தொட்டிக்கு வெளியே. சூட்டை இடம் மாற்றுவதா, உண்டாக்காமலே விடுவதா? 35 வாட் 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 25 யூனிட், 15 வாட் என்றால் 11 யூனிட்டுக்குள். நம் பில் படிப்படியாக ஏறுகிற பில், 14 யூனிட் மேல் படிக்குத் தள்ளினால் வீட்டில் யார் பேச்சு வாங்குவது?

உவர்மலை ஒராண்டா:
வால்வைப் பாதி மூடினால் பம்ப் குறைவாகச் சூடாகுமா? இதுவும் ஒருவர் சொன்னார்.

பழைய வயர்மன்:
இந்த வகைப் பம்பில் வெளிவாயை மூடினால் எடுக்கும் வாட் கொஞ்சம் இறங்கும், தண்ணீர் பாதியானால் வாட்டும் பாதியாகும் என்பது கிடையாது. அது எப்போதும் பாதி மூடியே இருக்கிறதென்றால் பம்ப் உங்களுக்கு மெத்தப் பெரிது, சிறியது போடுங்கள். குழாயையும் பாருங்கள், ஒடுங்கிய குழாய், நாலு வளைவு என்றால் அந்த உராய்வுக்காகத்தான் பெரிய பம்ப் தேவைப்படுகிறது. கிணற்றுத் தண்ணீர் என்றால் சுழலியைக் கழற்றி வினாகிரியில் ஊறவையுங்கள், சுண்ணாம்பு பிடித்துச் சிரமப்பட்டுச் சுற்றும்.

கிண்ணியா கப்பி:
இவ்வளவு கணக்கும் போட்டீர்கள், ஒருவரும் இதைக் கேட்கவில்லை: தங்கமீனுக்கு அலை எதற்கு? அந்தக் குண்டு வயிற்றையும் குட்டைச் செட்டையையும் வைத்துக்கொண்டு அது நீந்துவதே பாடு. அலைமேக்கரைக் கழற்றுங்கள், 15 வாட் ஒரு சதம் செலவில்லாமல் போயிற்று. பதிலுக்கு ஏர் பம்பும் ஸ்பொன்ஞ் பில்டரும். மோட்டார் வெளியே, 4, 5 வாட், உள்ளே போவது காற்று மட்டும். மீன் மேலே வருவது ஒட்சிசனுக்கு. 25 பாகையில் தண்ணீர் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை பிடிக்கும், 32இல் 7.3தான், சூட்டில் மீனுக்கு மூச்சும் கூடத் தேவை. குமிழி அதையும் பார்த்துக்கொள்ளும்.

நிலாவெளி உப்புத்தண்ணி:
நன்னீருக்குச் சரி நானா. பவளத் தொட்டியில் ஓட்டத்தைக் குறைத்தால் எல்லாம் முடிந்தது. எல்லாத் தொட்டிக்கும் ஏர் பம்ப் என்று எழுதிவிட வேண்டாம், புதுப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். காற்றாடியும் அப்படித்தான், ஏப்ரலில் காற்று அசையாமல் புழுங்கும்போது அது ஒன்றும் இறக்காது.

கிண்ணியா கப்பி:
ஏப்ரல் புழுக்கத்தில் குறைவாகத்தான் இறக்கும், ஒத்துக்கொள்கிறேன். வாடைக் காலத்தில் தேவையே இல்லை. ஆனால் தம்பி கேட்பது இப்போது! கச்சான் காற்று வறண்டது, அதில் காற்றாடி வேலை செய்யாவிட்டால் வேறெப்போது செய்யும்? மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், பல்லி விழும்.

பழைய வயர்மன்:
காற்றாடி 12 வோல்ட் கம்பியூட்டர் காற்றாடியாக இருக்கட்டும். 230 வோல்டில் ஓடும் மேசைக் காற்றாடியைத் தண்ணீருக்கு மேலே சாய்த்துக் கட்டிய வீடுகளுக்குப் போயிருக்கிறேன், ட்ரிப் சுவிட்ச் இல்லாவிட்டால் மீனைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்காது. வற்றியதை நிரப்பும்போது உப்புத்தண்ணிக்காரர் உவரில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. தங்கமீன்காரர் வழமைபோலத் தண்ணீரும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகும்.

உவர்மலை ஒராண்டா:
சரி, அலைமேக்கரை இன்றைக்கே கழற்றுகிறேன், மூடிக்குப் பதில் வலை, ஒரு சின்னக் காற்றாடி. வாளியையும் வலை போட்டே வைக்கிறேன், அப்போதுதான் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதற்குப் பிறகும் தொட்டி வாளியைவிடச் சூடாக நின்றால் டிசி பம்ப். வெளிப் பம்ப் இப்போதைக்கு இல்லை.

நிலாவெளி உப்புத்தண்ணி:
உங்கள் விருப்பம் தம்பி. எந்தப் பம்ப் போட்டாலும் சம்பில் இடம் விட்டு வையுங்கள், கரண்ட் போனவுடன் குழாயில் நிற்கிற தண்ணீரெல்லாம் கீழே இறங்கும். டிசி என்றால் பற்றரியிலும் ஓட்டலாம், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணைக்கு விட்டுக்கொடுக்கிறேன். என் தொட்டியில் மோட்டார் வெளியேதான்.