புதுப்பிப்பு: ஆர்மோனியம் கிடைச்சிட்டுது

2009ல போர் முடிஞ்ச பிறகு, முன்னாள் போராளியளுக்கான அரசாங்கப் புனர்வாழ்வு முடிச்சு வந்த நாலு அண்ணாமார் கிளிநொச்சியில சேர்ந்து பாடுகினம், பழைய ஆர்மோனியம் ஒண்டு வேணுமெண்டு போன மாசம் எழுதியிருந்தன். முல்லைத்தீவில இருந்து ஒரு அம்மா, தன்ர மகன் வாசிச்சதைத் தந்திட்டா. விலை பேச விடேல்லை.

அப்ப எழுதாத ஒண்டு: தபேலா அண்ணைக்கு ஷெல் சத்தத்தால காது பழுது. வெடிச்சத்தம் முதல்ல பறிக்கிறது உச்ச ஒலிகளைக் கேக்கிற திறனைத்தான். அதால சுருதியை ரெண்டு கட்டையில (கட்டை எண்டா சுருதியின்ர உயர அளவு) இருந்து ஒண்டுக்கு இறக்கிப் பாடுகினம். பாடுற அண்ணைக்கு முதல்நாள் குரல் அடியில நிக்கேல்லை, இப்ப நிக்குது. தபேலா அண்ணை ஆர்மோனியப் பெட்டியில கையை வைச்சு அதிர்வைப் பிடிச்சிட்டுத்தான் தொடங்குறார். எனக்குக் கண் கலங்கிட்டுது.

வைகாசியில முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பாட ஆசைப்படுகினம். இன்னும் ஒரு சோடி கைத்தாளம் வேணும்.