சிலைகளையெல்லாம் அம்பெய்து சோதிக்கும் வீரர்களிடம் கார்காயிலை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதைசொல்லும் மேசை ஆட்டத்தை 2014 ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி நடத்தி வருகிறேன். பாழடைந்த மடாலயம் ஒன்றில், கற்சிலைபோல் அசையாதிருந்து தாக்கும் கார்காயில் என்ற அரக்க உயிரி திடீரெனப் பாய்ந்ததிலிருந்து, என் வீரர்கள் எந்தச் சிலையைக் கண்டாலும் முதலில் அம்பெய்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். சென்ற அமர்வில் ஓர் அரசியின் கல்லறைச் சிலை மூக்கை இழந்தது. அந்த அச்சத்தை மீண்டும் கொண்டுவர வழி உண்டா?

முதல் பதில்:
வீரர்களைக் குறை சொல்ல முடியாது. அசையாதிருக்கும்வரை கார்காயிலைச் சிலையிலிருந்து பிரித்தறிய இயலாது என்பதே விதி. எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் பயனில்லை என்றால் அவர்கள் வேறென்னதான் செய்வார்கள்? ஆகவே துப்பைச் சிலையில் வைக்காமல் சூழலில் வையுங்கள். கார்காயில் என்பது தொண்டையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியத் தேவாலயங்களில், கூரையில் விழும் மழைநீர் சுவரை அரித்துவிடாதபடி தள்ளிக் கொட்டச் செய்யும் தூம்புவாய்தான் அது. நான் ஒரு காட்சியை மழை இரவில் அமைத்தேன். கோபுர விளிம்பில் ஏழு உருவங்கள். ஆறின் வாயிலிருந்து நீர் கொட்டுகிறது, ஏழாவதன் தாடையில் மட்டும் வெறும் சொட்டு. அதை மட்டும் சொல்லி நிறுத்தினேன். மேசையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

இரண்டாம் பதில்:
மழைத் துப்பு அருமையானது. ஆனால் அம்புக்கும் நேரடியான விடை விதியிலேயே இருக்கிறது. மாயமற்ற ஆயுதங்களால் படும் காயம், அவை அடமன்டைன் என்ற மிகக் கடினமான கற்பனை உலோகத்தால் ஆனவையாக இல்லாவிட்டால், கார்காயிலுக்குப் பாதியாகவே கணக்கிடப்படும். 8 புள்ளிக் காயம் 4 ஆகிவிடும். அது விழும்வரை தாங்கக்கூடிய காயத்தின் அளவான உயிர்ப்புள்ளியோ சராசரியாக 52. அப்படியிருக்க, ஓர் அம்பு பட்டதும் அது ஏன் துள்ளிக் குதிக்க வேண்டும்? உணவோ நீரோ உறக்கமோ வேண்டாத, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கக்கூடிய உயிரி அது. இரண்டு அம்புகளைப் பொறுத்துக்கொண்டு அசையாமலே இருக்கட்டும். கடைசி ஆள் உள்ளே போனபின் வாசலை மறித்து இறங்கட்டும். இதே ஆட்டத்தின் பழைய பதிப்புக்கான அரக்கர் கையேடாகிய 1977ஆம் ஆண்டின் மான்ஸ்டர் மேனுவலில் மாய ஆயுதமின்றி அதைக் காயப்படுத்தவே முடியாது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அம்பு பட்டும் அசையாத கார்காயில் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அம்பு பட்டதற்கு ஏதேனும் அடையாளம் தெரியாவிட்டால் வீரர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்களே?

இரண்டாம் பதிலளித்தவர்:
உண்மைதான், அடையாளம் கட்டாயம் வேண்டும். மற்ற சிலைகளில் அம்பு பட்ட இடத்தில் வெண்மையான சில்லு தெறிக்கட்டும். இதில் மட்டும் அந்த இடம் கருமையாகத் தெரிகிறது என்று சொல்லுங்கள். கவனித்தவர் தப்பிக்கலாம்.