பால் கொடுக்கும் தாய்ப்பன்றி மெலிகிறது: தீவனத்தைக் கூட்டுவதா, மாற்றுவதா?

கேள்வி (செங்கல்பட்டு மாவட்டம்):
எங்கள் பண்ணையில் இரண்டாவது ஈற்றில் இருக்கும் லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர் தாய்ப்பன்றி, சுமார் 180 கிலோ எடை, 10 குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறது. குட்டிகள் நன்றாகத் தேறுகின்றன. ஆனால் மூன்றாவது வாரத்திலேயே தாய்க்கு முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு தெரிகின்றன. நாளொன்றுக்கு 2 கிலோ அடர்தீவனமும் வேகவைத்த ஓட்டல் கழிவு 10 கிலோவும் தருகிறோம். மதியத்தில் தொட்டியில் பாதியை அப்படியே விட்டுவிடுகிறது. குடற்புழு நீக்கம் முடிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில் 1:
நோயைவிட எரிசக்திப் பற்றாக்குறையே காரணம் என்று தோன்றுகிறது. குட்டிகள் அனைத்தும் சேர்ந்து நாளுக்கு 2 கிலோ எடை கூடுவதாகக் கொண்டால், ஒரு கிலோ வளர்ச்சிக்கு ஏறத்தாழ 4 கிலோ பால் என்ற கணக்கில் தாய் 8 கிலோ பால் சுரக்க வேண்டும். அந்தப் பாலில் 9,000 கிலோ கலோரிக்குக் குறையாமல் இருக்கும். தீவன எரிசக்தியில் சுமார் 70 சதவீதமே பாலாக மாறுவதால், பாலுக்கு மட்டும் 13,000 கிலோ கலோரி வேண்டும். உடல் பராமரிப்புக்கு இன்னுமொரு 5,000 சேர்த்தால், தரமான அடர்தீவனமாகவே கொடுத்தாலும் கிட்டத்தட்ட 6 கிலோ தின்றாக வேண்டும். ஓட்டல் கழிவிலோ பெரும்பகுதி தண்ணீர்; 10 கிலோவில் காய்ந்த பொருள் இரண்டரை கிலோ தேறுவதே அரிது. குறைவதைத் தாய் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஈடுசெய்வதால்தான், குட்டிகள் செழித்திருக்கத் தாய் மட்டும் இளைக்கிறது. கழிவைப் படிப்படியாகக் குறைத்து, மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் மிகுந்த அடர்தீவனத்தைக் கூட்டுங்கள்.

பதில் 2:
மேலே சொன்ன கணக்கு சரியே. ஆனால் தின்னாத பன்றிக்கு எவ்வளவு வைத்தும் பயனில்லை. தாய்ப்பன்றிக்கு 18 முதல் 22 டிகிரி வெப்பமே இதம். பால் சுரப்பே உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்குவதால், வெயில் ஏற ஏற அது தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். விடியற்காலை, மாலை, இரவு என்று பிரித்து வையுங்கள். நார்ச்சத்து செரிக்கும்போது உடல் வெப்பம் கூடும், எண்ணெயால் அவ்வளவு கூடாது. ஆகவே தவிட்டைக் குறைத்து 3 சதவீதம் எண்ணெய் சேர்க்கலாம். தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயை அழுத்தி ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் நிரம்பவில்லை என்றால், நாளுக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டிய பன்றிக்கு அது போதாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. குட்டிகளை முன்கூட்டியே பிரித்துவிடலாமா, ஐயா?

பதில் 1:
இப்போது வேண்டாம். குட்டித் தீவனத்தை உடனே பழக்குங்கள். நன்றாகத் தின்னத் தொடங்கியபின் பெரிய குட்டிகளை முதலில் பிரிக்கலாம். பால் மறந்ததும் தாயின் தீவனத்தைக் குறைத்துவிடாதீர்கள். அதிகம் இளைத்த பன்றி, குறிப்பாக முதல் இரண்டு ஈற்றுகளில், ஒரு வாரத்துக்குள் வர வேண்டிய சினைப்பருவத்துக்குத் தாமதமாகவே வரும். இனச்சேர்க்கை வரை அதே தீவனம் தொடரட்டும்.