மாணவர் விசா நேர்காணல்: பொது வீட்டைச் சொத்தாகக் காட்டலாமா?

பள்ளத்தூர்ப் பொண்ணு:
வணக்கம். அமெரிக்காவில் மெட்டீரியல் சயின்ஸ் எம்.எஸ். படிக்க ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்) வந்துவிட்டது. அடுத்த மாதம் சென்னையில் எஃப்-1 மாணவர் விசா நேர்காணல். ஐ-20யில் முதல் வருடச் செலவு 36,000 டாலர் என்று போட்டிருக்கிறது. கல்விக்கடன் 30 லட்சம் சாங்ஷன் ஆகிவிட்டது, அப்பச்சி (அப்பா) பெயரில் எஃப்டி 8 லட்சம் இருக்கிறது. ஆனால் கன்சல்டன்சியில் "இது பத்தாது, பெரிய வீட்டுக்கு வேல்யுவேஷன் வாங்கி 6 கோடி என்று காட்டுங்கள்" என்கிறார்கள். வீடு பாட்டையா கட்டியது. இன்னும் பாகம் பிரிக்கவில்லை, 14 புள்ளிக்கு (குடும்பத்துக்கு) அதில் பங்கு உண்டு. மலேசியாவில் கிளாங்கில் இருக்கும் சித்தப்பாவும் ஸ்பான்சர் கடிதம் தருகிறேன் என்கிறார். எதைக் காட்டுவது, எதை விடுவது? மனப்பாடம் செய்ய நாலு பக்கம் பதில் வேறு கொடுத்திருக்கிறார்கள்.

தேவகோட்டை ஆடிட்டர்:
வீட்டை விட்டுவிடும்மா. இந்தச் சான்று கேட்டு என்னிடமும் நிறைய பேர் வருகிறார்கள். பொது வீட்டில் அப்பச்சிக்கு இருப்பது ஒரு பங்குதான். பங்காளிகள் கையெழுத்துப் போடாமல் முகப்புத் தூண் ஒன்றைக்கூட விற்க முடியாது. ஆகஸ்டில் ஃபீஸ் கட்டுவதற்கு அது எப்படிப் பணமாகும்? அதைவிட முக்கியமாக, முழு வீட்டையும் அப்பச்சி சொத்து என்று காட்டினால் அது பொய்த் தகவல். விசா விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் நிரந்தரத் தடை வரைக்கும் போகும்.

கடனும் எஃப்டியும் சேர்ந்து 38 லட்சம். முதல் வருடச் செலவு அதில் அடங்கிவிடும். இரண்டாம் வருடத்துக்குச் சித்தப்பா உண்மையிலேயே பணம் கட்டுவார் என்றால், கடிதத்தோடு அவருடைய பேங்க் ஸ்டேட்மென்டும் வரிக் கணக்கும் வாங்கி வைத்துக்கொள். பெயருக்குக் கொடுக்கிற கடிதம் என்றால் வேண்டாம். கைமாற்று வாங்கிக் கணக்கை நிரப்பவே கூடாது. திடீரென்று வந்த தொகைக்கு மூலம் கேட்டால் என்ன சொல்வாய்?

சிக்ரி சீனியர்:
ஆடிட்டர் ஆச்சி சொல்வது முழுக்கச் சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நீ நின்றபடி மைக்கில் பேச வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஃபைலைக் கேட்காமலே அனுப்புவதும் உண்டு. அதனால் நீ வாயால் சொல்வதுதான் கணக்கு. அந்த நாலு பக்கத்தை அப்படியே ஒப்பித்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ப்ராஜெக்ட் எங்கே செய்தாய்?

பள்ளத்தூர்ப் பொண்ணு:
நம்ம காரைக்குடி சிக்ரி ஆய்வகத்தில்தான் அண்ணே. சோடியம் அயான் பேட்டரிக்கான கேத்தோடு மின்முனை.

சிக்ரி சீனியர்:
அப்புறம் என்ன! "கேத்தோடு செய்து பார்த்தேன். சார்ஜ் ஏற்றி இறக்க இறக்க அதன் கொள்ளளவு குறைந்தது. ஏன் என்று ஆராயும் குழு இந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது" என்று உன் ஆங்கிலத்தில் சொல். பேராசிரியர் பெயரும் இரண்டு பாடங்களின் பெயரும் தெரிந்திருக்கட்டும். யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்டால், "30 லட்சம் கடன், 8 லட்சம் அப்பாவின் சேமிப்பு" என்று சொல்லி நிறுத்திவிடு. படித்து முடித்து என்ன செய்வாய் என்பதற்கும் இங்கே எந்த மாதிரி வேலைக்குப் போகப்போகிறாய் என்று சொல். "கண்டிப்பாகத் திரும்பி வருவேன்" என்று மட்டும் சொல்வதில் பலனில்லை.

உன் துறைக்கு 221(ஜி) என்ற, முடிவை நிறுத்திவைக்கும் சீட்டு கொடுத்து ரெஸ்யூமே, ஆராய்ச்சி விவரம் கேட்க வாய்ப்பு உண்டு. கேட்டதை அனுப்பிவிட்டுக் காத்திரு. பயந்துவிடாதே.

கண்டனூர் தம்பி:
பயோமெட்ரிக் தனி நாளில், தனி இடத்தில் நடக்கும். பல்லவன் ரயில் மதியம்தான் எழும்பூர் போகும், காலை ஸ்லாட்டுக்கு உதவாது; முந்தின நாளே போய்விடுங்கள் அக்கா. தூதரகத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்குச் சமூக ஊடகக் கணக்குகளைப் பப்ளிக்காக வைக்கச் சொல்கிறார்கள். டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தில் கடந்த ஐந்து வருடத்தில் வைத்திருந்த கணக்குப் பெயர்களையும் கேட்பார்கள். பழைய இன்ஸ்டாவை மறந்துவிடாதீர்கள்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வேல்யுவேஷன் வேண்டாம் என்று அப்பச்சியிடம் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும்: படித்துவிட்டு ஊர் திரும்புவேன் என்று நம்பவில்லை என்று 214(பி) பிரிவில் விசாவை மறுத்துவிட்டால், அடுத்த முறைக்கு எல்லாப் பணமும் மறுபடி கட்டணுமா?

சிக்ரி சீனியர்:
விசா கட்டணம் 185 டாலரை மறுபடி கட்ட வேண்டும், டிஎஸ்-160யும் புதிதாகப் போட வேண்டும். செவிஸ் (மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், மறுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்குத் திரும்ப விண்ணப்பித்தால் செல்லும். அந்த ரசீதைப் பத்திரமாக வை. 214(பி)க்கு மேல்முறையீடு கிடையாது, ஆனால் மறுபடி விண்ணப்பிக்கத் தடையும் இல்லை.